கதவு அறைகிற நீதிமன்றம்

கீலம்மாவின் வழக்கை எங்கே போடுவது என்று முடிவு செய்ய மட்டும் இருபத்தொன்பது வாரம் ஆயிற்று. அது என்ன வழக்கு என்று கேட்க அந்த இருபத்தொன்பது வாரத்தில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கீலம்மா என்பது பட்டறைத் தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கத் தாள்களில் மட்டும் இருக்கிறது. வயது ஐம்பத்து மூன்று, கையில் எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்கு, பிழைப்பு கதவுக்குக் கீல் செய்வது. யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்துக்கு முன்னால் கதவின் விளிம்பைப் பார்க்கிறவர். அவர் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, காற்றில் அறைந்த கதவு ஒன்று அவள் மோதிர விரலைக் கடித்துவிட்டது. நகம் போயிற்று, அப்புறம் முளைத்ததும் கோணலாகத்தான் முளைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு கீலம்மா வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். பதினாலு மாதம் அந்தக் குடும்பம் கதவில்லாத வீட்டில் குடியிருந்தது. பதினைந்தாவது மாதம் கதவுகள் மறுபடி மாட்டப்பட்டன, ஒரு புதுக் கீலோடு.

எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அந்தக் கீல் கதவைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து மூடும். கடைசி இரண்டு விரல் அகலத்தில் ஒரு மூச்சு நிற்கும். குழந்தை கையை எடுத்துக்கொள்ள அந்த ஒரு மூச்சு போதும். நிற்க வைப்பது உள்ளே ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும் மிளகு அளவு எஃகுக் குண்டு. இதற்கு அரசாங்கம் இருபது வருடத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. கீலம்மா அதைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினார், வழக்கம்போல் கோணலாக.

அந்த இருபது வருடத்தில் நாற்பது வாரம் மிச்சமிருந்தபோதுதான், தெருக்கோடித் தொடக்கப் பள்ளியில் ஒரே மாதத்தில் மூன்று பிள்ளைகள் விரலில் கட்டோடு வந்தார்கள். பன்னிரண்டு வகுப்பறைக்கும் புதிதாகக் கீல் மாட்டியிருந்தார்கள். ஒரு பெரிய கம்பெனியின் சரக்கு. 'சத்தமே இல்லை' என்பது விளம்பரம். கீலம்மா தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஒன்றைக் கழற்றித் திறந்து பார்த்தார். வில் அவருடையது. எண்ணெய் அறை அவருடையது. குண்டு உட்காரும் குழிகூட அவருடையதுதான், அளவு மாறாமல். குண்டு மட்டும் இல்லை. ஒரு உதிரி பாகம் குறைந்தால் கம்பெனிக்கு லாபம். கதவு இப்போது பூனை மாதிரி வந்து விரலை நசுக்கியது. முன்பாவது அறையப்போகிற சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டன.

"இந்த நாப்பது வாரத்துக்குள்ள ஒரு கோர்ட்டு சொன்னா, அவங்க விக்கிறத நிறுத்தணும், மாட்டினத கழட்டணும். நாள் தாண்டிடுச்சுன்னா எப்படி வேணாலும் செய்வாங்க, கேக்க நமக்கு வாய் இருக்காது" என்றார் மகளிடம்.

"அப்ப நாளைக்கே போவோம்" என்றாள் மகள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். அந்த மாதம் விரல் கட்டுத் துணி அதிகமாக விற்பதை அவளும் கவனித்திருந்தாள்.

காப்புரிமை வக்கீலின் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது. கீலம்மா பையிலிருந்து கீலை எடுக்கப் போனபோது வக்கீல் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது அப்புறம் மேடம். முதல்ல எங்க போடறோம்னு பாக்கணும். சட்டம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். நியாயமும் ஒண்ணுதான். அதனாலதான் எங்க போறோங்கிறது ரொம்ப முக்கியம்."

"ஒண்ணுதான்னா எங்க போனா என்ன சார்?"

வக்கீல் இரக்கத்தோடு புன்னகை செய்தார். சுவர் முழுக்க ஒரு அட்டவணை தொங்கியது. இடப்பக்கம் மன்றங்களின் பெயர்கள், மேலே வேகம், அறிவு, அனுதாபம், மரியாதை, வண்டி நிறுத்துமிடம் என்று தலைப்புகள், கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண்கள். அந்த அலுவலகத்தில் மன்றத் தேர்வுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். வழக்கு நடத்தும் பிரிவும் இருந்தது. அதில் ஒருவர் இருந்தார். அவர் விடுப்பில் இருந்தார்.

ஆறு வாரம் ஆராய்ந்து ஏழு மன்றங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். முதலாவது விரைவு மன்றம்.

விரைவு மன்றத்தின் பதிவாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினார். "இங்க ஒரு வழக்கு சராசரியா பதினோரு நாள்ல முடிஞ்சிடும். எங்கள மிஞ்ச ஆள் கிடையாது."

"நல்லதாப் போச்சுங்க. எனக்கும் அவசரம்தான்."

"ஆனா பன்னெண்டு நாள் ஆகுற வழக்க நாங்க எடுக்கறதில்ல. எடுத்தா சராசரி கெட்டுடும் பாருங்க."

"என் வழக்கு எத்தனை நாள் ஆகும்?"

"விசாரிச்சாதான் தெரியும்."

"விசாரிங்களேன்."

"விசாரிச்சா நாள் ஆகுமே."

கீலம்மாவுக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலை பழக்கதோஷத்தில் கதவுப் பக்கம் திரும்பியது. யாரோ உள்ளே வர, கதவு அப்போதுதான் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு விரல் அகலத்தில் அது நிற்கவில்லை. வாசலில் நின்ற ஊழியரின் ஆள்காட்டி விரலில் கட்டு.

"ஐயா, உங்க கதவுலயே அந்தக் கீல்தாங்க மாட்டியிருக்கு. நான் யார்மேல வழக்குப் போட வந்தேனோ அதே கீல்."

பதிவாளர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். உள்ளே போனார். உண்மையிலேயே விரைவு மன்றம்தான். ஏழு நிமிடத்தில் முத்திரையிட்ட கடிதத்தோடு வந்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'எமது மன்றத்தின் கதவுகளில் தங்கள் புகாருக்கு உள்ளான கீல்களே பொருத்தப்பட்டிருப்பதால், எமது மன்றம் இவ்விஷயத்தில் சம்பந்தப்பட்ட தரப்பாகிறது. நடுநிலையோடு இதைத் தொட எம்மால் இயலாது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள். கதவு பின்னால் மூடியதே தெரியவில்லை. முப்பது வருடமாகக் கதவோடு மல்லுக்கட்டுகிற கீலம்மாவை அவருடைய கண்டுபிடிப்பே அத்தனை நாசூக்காக வெளியே தள்ளியிருந்தது.

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமேம்மா" என்றாள் மகள்.

"கண்ணு முன்னாடி இருக்குடி. எப்படி சொல்லாம இருக்கிறது?"

"அந்த ஆளு விரலப் பாத்தியா?"

"அதத்தான் முதல்ல பாத்தேன்."

இரண்டாவது, வல்லுநர் மன்றம். இங்கே நீதிபதிகள் மூவரும் வல்லுநர்கள், வாதாடுகிறவர்கள் வல்லுநர்கள், தண்ணீர் வைக்கிறவர்கூட ஏதோ படித்தவர் மாதிரி இருந்தார். கீலம்மா சாட்சி சொல்ல எழுந்தபோது மூத்த நீதிபதி அன்பாகத் தடுத்தார்.

"நீங்க செஞ்சவங்க இல்லையா? செஞ்சவங்க பாரபட்சமாத்தான் பேசுவாங்க. அதனால செய்யத் தெரியாதவங்கள மட்டும்தான் இங்க நிபுணரா ஏத்துக்கிறோம். எங்க குழுவுல இருக்கிற ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு கீலைக் கையால தொட்டதில்ல. அந்தத் தூய்மைக்காகவே எங்கெங்க இருந்தோ நம்ம மன்றத்துக்கு வர்றாங்க."

கீலைத் தொடாத ஒன்பது பேரும், கீலுக்குப் போவதற்கு முன் கதவு என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். மூடியிருக்கும்போது அது கதவா சுவரா என்பதில் காலை போயிற்று. திறந்திருக்கும்போது அது எங்கே போகிறது என்பதில் மத்தியானம் போயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு, கதவு என்பது திறக்கும் வாய்ப்புள்ள சுவர் என்று தற்காலிகமாகத் தீர்மானித்து, எதிர்ப்புக் கருத்து இரண்டைப் பதிவு செய்து எழுந்தார்கள். எழுந்து போகும்போது இளைய நீதிபதி அந்தத் திறக்கும் வாய்ப்புள்ள சுவரில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். சத்தமே இல்லாமல் வந்துவிட்டது என்று வியந்தார்.

இந்தத் தடவை கீலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தார். அதற்குள் விரைவு மன்றம், அவரவர் கதவுக் கீலைப் பார்த்துக்கொள்ளும்படி எல்லா மன்றங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டிருந்தது, அதுவும் விரைவாக. மறுநாளே கடிதம் வந்தது. அதே வாசகம், அதே பெருமை.

மூன்றாவது மன்றம் ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. முந்நூறு வீடு, நாற்பது விடுதி. பேருந்து நிலையத்திலேயே 'வாதிகளே வருக' என்று பலகை வைத்திருந்தார்கள். பதிவாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. இங்க இதுவரைக்கும் ஒரு வாதிகூட தோத்ததில்ல."

"எத்தன பேர் ஜெயிச்சிருக்காங்க?" என்று மகள் கேட்டாள்.

"எந்த வழக்கும் இன்னும் முடியலையேம்மா. முடிச்சா யாராவது தோத்துடுவாங்க. அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு? முடிச்சா இந்த நாப்பது விடுதிக்கும் யார் வருவா, சொல்லுங்க?"

தாழ்வாரத்து பெஞ்சில் வாதிகள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குடை மடக்குவதில் ஏதோ புதுமை செய்த ஒருவர் ஒன்பது வருடமாக அங்கே இருந்தார். அங்கேயே கல்யாணம் பண்ணி, இரண்டு பிள்ளை பெற்று, வீடும் கட்டிவிட்டாராம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கீலம்மா கேட்டதற்கு, "நல்லாப் போய்க்கிட்டிருக்கு" என்றார். அவருக்கு மேலே இருந்த கதவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: கீல்கள், கம்பெனியின் அன்பளிப்பு. இங்கே பதிவாளருக்கே இரண்டு விரலில் கட்டு. அந்தக் கட்டுக் கையாலேயே கடிதத்தை நீட்டினார். தங்கிவிட்டுப் போகலாமே என்று மனசார வருந்தினார்.

மிச்சமிருந்த நாலு மன்றத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கும் ஆத்திரம் வரும், உங்களுக்கும் அலுப்பு வரும். ஒன்றில் நீதிபதி அனுதாபத்தில் கண்ணீர் விட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றில் வண்டி நிறுத்துமிடம் பிரமாதமாக இருந்தது. இருபத்தெட்டாவது வாரம் முடியும்போது கீலம்மாவின் பையில் ஏழு கடிதம், ஏழு முத்திரை. பள்ளிக்கூடத்தில் கட்டுப் போட்ட விரல்கள் பதினொன்று ஆகியிருந்தன. கடைசியாக மாட்டிக்கொண்டது எதிர் வீட்டுச் சின்னப் பெண். வழியில் கீலம்மாவைப் பார்த்ததும் அவள் விரலைத் தூக்கிக் காட்டி, "நான் அழவே இல்ல" என்றாள். கீலம்மா பட்டறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது அப்புறம் போகவே இல்லை.

ஒன்பதாவது மாடியில் வக்கீல் உற்சாகமாக இருந்தார்.

"இப்படி ஒரு நிலைமை சட்ட வரலாத்துலயே கிடையாது மேடம். எந்த மன்றமும் எடுக்க முடியாத வழக்க எந்த மன்றம் எடுக்கிறதுன்னு முடிவு பண்ண ஒரு ஆணையம் இருக்கு. அங்க மனு போடுவோம். ரெண்டே வருஷம்."

"சார், எனக்கு இன்னும் பதினோரு வாரம்தான் இருக்கு."

"உங்களுக்கு. ஆனா கேள்வி எவ்வளவு அழகான கேள்வின்னு பாருங்க."

கீலம்மா அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பெயருக்குக் கீழே எட்டாவதாக ஒரு பெயர் எழுதி, பென்சிலால் அடித்திருந்தது.

"அது என்ன சார், அடிச்சு வச்சிருக்கீங்க?"

"அதுவா? உங்க பேட்டையில இருக்கிற வட்ட நீதிமன்றம். தண்ணிக் குழாய்ச் சண்டை, மதில் சுவர்ச் சண்டை பாக்கிற இடம். அதையெல்லாம் கணக்குலயே எடுக்கறதில்ல. மரியாதைக்குப் பூஜ்யம் மார்க் போட்டிருக்கோம் பாருங்க."

"பூஜ்யம் ஏன்?"

வக்கீல் முகம் சுளித்தார். "அங்க கதவு அறையும் மேடம். யாராவது உள்ள வந்தா டமால், வெளிய போனா டமால். அந்தச் சத்தத்துல எப்படி ஒரு மனுஷன் கௌரவமா வாதாட முடியும்?"

கீலம்மா எழுந்து நின்றார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவளும் எழுந்தாள்.

"அறையுதா? நல்லாத் தெரியுமா சார்?"

"தெரு வரைக்கும் கேக்கும்."

"ஒரு கேள்வி. திருட்டுச் சரக்கு எங்க வித்தா அங்க வழக்குப் போடலாமா?"

"சட்டப்படி போடலாம். ஆனா..."

"எங்க தெரு இரும்புக் கடையில விக்கிறான் சார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அறையுற கதவுல அந்தக் கீல் இருக்காது. இது தெரியறதுக்கு உங்க பதினோரு பேர்ல ஒருத்தராவது கதவத் திறந்து மூடிப் பாத்திருக்கணும்."

வட்ட நீதிமன்றம் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மேலே, ஒற்றை அறை. மாடிப்படி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாததால் காற்று நேராக உள்ளே வரும். வருகிற ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் கதவு டமால் என்று அறையும். அறைந்ததும் தாள் பறக்கும். நீதிபதி கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. தாள் கட்டுகளின்மேல் ஒரு பழைய குழாய் வால்வைப் பாரம் வைத்திருந்தார். அது என்றோ ஒரு தண்ணீர்ச் சண்டையில் சாட்சிப் பொருளாக வந்து, சண்டைக்காரர்கள் சமாதானமாகிப் போனதால் அங்கேயே தங்கிவிட்டது. குமாஸ்தா மனுவை வாங்கிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "என்ன பிரச்சினைம்மா?" என்பது. இருபத்தொன்பதாவது வாரத்தில் அதை முதல் தடவையாகக் காதில் கேட்ட கீலம்மா பையிலிருந்து கீலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

விசாரணை நாளில் கம்பெனிக்கு ஆறு வக்கீல்கள் வந்தார்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கதவு அறைந்தது. ஒவ்வொரு தடவையும் நீதிபதி இடது கையால் தாளை அமுக்கிக்கொண்டார். ஆறு பேரிலும் மூத்தவர் எழுந்தார்.

"மாட்சிமை தங்கிய மன்றத்தின்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதை காரணமாகவே, இந்த வழக்கை இங்கே நடத்த வேண்டாம் என்கிறோம். இதற்கென்றே தகுதி வாய்ந்த மன்றங்கள் ஏழு இருக்கின்றன. அவற்றில் எதற்கு மாற்றினாலும் எங்களுக்குச் சம்மதம்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

கீலம்மா பையைக் கவிழ்த்தார். ஏழு கடிதமும் மேசைமேல் விழுந்தன. நீதிபதி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதற்கு மேல் வாசகம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். இருந்தாலும் ஏழையும் படித்தார். பிறகு மூத்த வக்கீலைப் பார்த்தார்.

"இந்த ஏழும் எடுக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. அது மட்டுமில்ல, உங்க கீல் எங்கெங்க மாட்டியிருக்குன்னும் முத்திரை போட்டு ஒத்துக்கிட்டிருக்கு. சாட்சிக்கு நான் வேற யாரையும் தேட வேண்டாம் போலிருக்கே."

மூத்தவர் அசரவில்லை. "மாட்டியிருப்பது உண்மை. ஆனால் அது இந்த அம்மாளின் கீல் அல்ல. இவர் காப்புரிமையில் ஒரு குண்டு இருக்கிறது. விரல் நசுங்காமல் இருக்க. எங்கள் கீலில் அப்படி எதுவும் கிடையாது. எங்கள் கீல் விரலை நசுக்கும். ஆகவே இரண்டும் வேறு என்பது தெளிவு."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் நீதிபதி. அவர் இன்னும் தெளிவாக, இன்னும் கம்பீரமாகச் சொன்னார். குமாஸ்தா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

கீலம்மா இரண்டு கீலையும் பிரித்து மேசையில் வைத்தார். நீதிபதி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். கம்பெனிக் கீலின் காலிக் குழிமேல் சுண்டுவிரலை வைத்தார்.

"குண்டு வேண்டாம்னு தீர்மானிச்சு நீங்களா தனியா யோசிச்சு செஞ்ச கீல்ல, இந்தக் குழி எதுக்கு?"

ஆறு வக்கீல்களும் குழியைப் பார்த்தார்கள். நடுவில் நின்ற ஒருவர், "அது எங்கள் வடிவமைப்பின் அழகு" என்றார்.

கீலம்மா பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. அதற்கு மேல் அந்த வழக்கில் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஆறு பேரும் இரண்டு நாள் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை தீர்ப்பு வந்தது. விற்பனை அன்றைக்கே நிற்க வேண்டும். மாட்டியதையெல்லாம் கம்பெனி தன் செலவில் கழற்ற வேண்டும்; முதலில் பள்ளிக்கூடங்கள், பிறகு ஆஸ்பத்திரிகள், பிறகு மற்றவை. மற்றவை என்பதற்குள் ஏழு நீதிமன்றமும் அடங்கும் என்று நீதிபதி தன் கையாலேயே ஓரத்தில் எழுதியிருந்தார்.

வெளியே போகிறபோது குமாஸ்தா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அம்மா, நம்ம கதவுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"இந்தக் கதவத் தொடாதீங்க. எனக்குப் பின்னாடி இன்னும் யாராவது வருவாங்க. அவங்களுக்கு இது அறையணும்" என்றார் கீலம்மா. "ஜன்னலுக்கு வேணா கண்ணாடி போடச் சொல்லுங்க. அவங்க தாளாவது பறக்காம இருக்கும்." வெளியே வந்தார். பின்னால் டமால் என்றது. முப்பது வருடத் தொழிலில் ஒரு கதவு அறைந்து அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்துப் பன்னிரண்டு கதவிலும் குண்டு வைத்த கீல் ஏறியது. எதிர் வீட்டுப் பெண் ஒவ்வொரு கதவாகத் தள்ளிவிட்டு, அது ஒரு மூச்சு நிற்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிகளில் புதுக் கீல் மாட்டிக்கொண்டிருந்தபோது பட்டறைக்குத் தபால்கள் வரத் தொடங்கின. கம்பெனி கழற்றிக்கொண்டு போனதிலிருந்து கதவுகள் அறைகின்றன, மன்றத்தின் மாண்புக்குப் பங்கம் வருகிறது, உடனே வந்து தங்கள் கீலைப் பொருத்தித் தரவும். மொத்தம் ஏழு தபால், ஏழு முத்திரை. விரைவு மன்றத்தின் தபால்தான் முதலில் வந்தது.

"என்னம்மா பதில் எழுதறது?" என்று மகள் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"அவங்க எழுதினதையே எழுது. பேர மட்டும் மாத்து."

மகள் கோணல் நக விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதினாள்: 'தங்கள் கதவுகளில் எனது புகாருக்கு உள்ளான கீல்களே பொருத்தப்பட்டிருந்ததால், நான் இவ்விஷயத்தில் சம்பந்தப்பட்ட தரப்பாகிறேன். நடுநிலையோடு அவற்றைத் தொட என்னால் இயலாது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"முத்திரை?"

கீலம்மா எண்ணெய்ப் பிசுக்குக் கட்டைவிரலை ஏழு தாளிலும் அழுத்தி வைத்தார். காப்புரிமை முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்து மாட்டிக்கொள்ளட்டும். குழிக்குள் குண்டு இருக்கிறதா என்று பார்க்க இப்போது ஊருக்கே தெரியும்.

கடிதங்கள் பதிவுத் தபாலில் போயின. ஏழு மன்றத்திலும் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். தெரு வரைக்கும் கேட்டது.